கொள்ளிடத்தை மடக்கிய குடும்பஸ்தர்... ஆர்தர் காட்டன் வாழ்ந்த கதை!

கம்மாபுரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போய், அங்கிருந்து கும்பகோணம் ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அணைக்கரை வந்துவிடும். கொள்ளிடத்தின் குறுக்கே நீளமாக ஒரு பழைய பாலம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கும்பகோணம் போகிற நெய்வேலிக்காரர்கள் எத்தனையோ முறை தாண்டிய இடம்தான். ஆனா, அந்தப் பாலத்துக்குக் கீழே இருப்பது என்ன, அதை யார் கட்டினார்கள் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது.

அது கீழணை. 1836-ல் கட்டி முடிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 190 வயசு. கட்டியவர் பெயர் ஆர்தர் தாமஸ் காட்டன். அப்போது அவருக்கு 33 வயது.

இந்த அணைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்துத் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து பம்ப் செய்யப்பட்டு, நெய்வேலியை ஒட்டியிருக்கும் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கிருந்து ராட்சதக் குழாய்களில் சுமார் 235 கிலோமீட்டர் பயணத்தின் மிச்சத்தை முடித்து சென்னை போய்ச் சேருகிறது. 2004 முதல் இதுதான் நடக்கிறது. ஆக, நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து வேலைக்காக சென்னை போய் செட்டில் ஆன ஒரு பையன், அங்கே குழாயைத் திறந்து பிடிக்கும் தண்ணீரில் காட்டனின் வேலையும் கலந்திருக்கிறது!

கோதாவரிக் கரையில் இந்த மனிதரை சாமி மாதிரி கொண்டாடுகிறார்கள். ஊருக்கு ஊர் சிலை. ஆனால், அவர் முதன்முதலில் பெரிய வேலை செய்து காட்டிய காவிரிக் கரையில், பாடப்புத்தகத்தில் வரும் ஒரு வரியோடு நிற்கிறார். அணை கட்டியதைத் தாண்டி அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதில் பாதி காய்ச்சல், பாதி தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனைவி, ஒரு மகள், சுமார் 58 வருடத் தாம்பத்யம்.

பதினோரு பையன்களில் பத்தாவது!

1803 மே 15-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார் காட்டன். அப்பா ஹென்றி கால்வலி காட்டன். வீட்டில் மொத்தம் பதினோரு ஆண் பிள்ளைகள். அதில் ஆர்தர் பத்தாவது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... நம் ஊர் பழைய கூட்டுக்குடும்பம்கூட தோற்றுவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் கடைசியில் பிறக்கும் பையனுக்கு சொத்து என்று பெரிதாக எதுவும் வராது. சொந்தக் காலில் நின்றாக வேண்டும். அண்ணன்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சிட்னி காட்டன் ராணுவத்தில் சேர்ந்து ஜெனரல் ஆனார். ரிச்சர்ட் லிஞ்ச் காட்டன் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரிக்கே தலைவரானார். ஆர்தருக்குக் கிடைத்தது கிழக்கிந்திய கம்பெனி. 15 வயதில் அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் இருந்த கம்பெனியின் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் வேல்ஸில் கொஞ்ச காலம் நில அளவைப் பயிற்சி. 1821-ல் மெட்ராஸுக்கு வந்து இறங்கும்போது வயது 18.

நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் வயது அது. அந்த வயதில், மொழி தெரியாத ஊரில், சம்பளத்துக்கு வேலை. அடுத்த சில வருடங்களில் அவரை மெட்ராஸ் மாகாணத்தின் தென்பகுதி ஏரி, குளங்களைக் கவனிக்கும் பிரிவில் போட்டார்கள். பாம்பன் கால்வாயை சர்வே செய்தார். நடுவில் பர்மா போருக்கும் போய் வந்தார். தென் மாவட்டங்களின் கண்மாய்கள், மதகுகள், கலிங்குகள் என்று சுற்றிய அந்த வருடங்கள்தான் அவருக்கு நிஜமான இன்ஜினீயரிங் காலேஜ். பின்னாளில் தம்பி ஃபிரடெரிக்கும் இதே மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

காவிரிக்கு வந்த ஆபத்து

அப்போது தஞ்சாவூர்ச் சீமைக்கு ஒரு பெரிய பிரச்னை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, இன்னொன்று கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. காவிரிதான் டெல்டாவுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து வயலுக்குப் பாய்கிற ஆறு. கொள்ளிடமோ நேராகவும் பள்ளமாகவும் கடலைப் பார்த்து ஓடுகிற வெள்ள வடிகால்.

தண்ணீருக்குப் பள்ளம்தானே பிடிக்கும்? வருடத்துக்கு வருடம் கொள்ளிடத்தின் படுகை ஆழமானது. காவிரியின் வாயில் மணல் மேடேறியது. விளைவு, வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகக் கடலுக்குப் போனது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நெல் விளைந்த பூமி மெதுவாகக் காயத் தொடங்கியது. விளைச்சல் குறைந்தால் வரியும் குறையும். கம்பெனிக்கு வலித்தது முதலில் அந்த இடத்தில்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. காட்டனுக்குப் பணம் ஒதுக்கிய கை, வரி வசூலித்த அதே கைதான்.

1829 வாக்கில் இந்தப் பிரச்னையை ஆராயும் பொறுப்பு காட்டனிடம் வந்தது. வயது 26.

கல்லணை சொல்லிக் கொடுத்த பாடம்

மணல் ஆற்றில் அணை கட்டுவதில் என்ன கஷ்டம் தெரியுமா? பாறையே இருக்காது. தோண்டத் தோண்ட மணல். அதன்மேல் கனமான சுவரை வைத்தால் இறங்கும். தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டு போனால் சுவர் சரியும். ஐரோப்பாவில் படித்த பாடங்கள் இங்கே பெரிதாக உதவவில்லை.

ஆனால், காட்டனின் கண் முன்னாலேயே இதற்கான விடை கிடந்தது. ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனைக்குக் கீழே, கரிகாலச் சோழன் பெயரோடு நாம் சொல்கிற கல்லணை. கிட்டத்தட்ட 2,000 வருடங்களாக அதே மணலில், அதே வெள்ளத்தில் நிற்கிறது. எப்படி?

அவர் அதைத் தோண்டிப் பார்த்துப் படித்தார். பெரிய கற்களை மணலில் போட, அவை தாமாகவே புதைகின்றன. அதன்மேல் இன்னும் கற்கள். அவையும் கொஞ்சம் புதையும். ஒரு கட்டத்தில் இறங்குவது நின்று அடித்தளம் இறுகிவிடுகிறது. இடையில் களிமண் பூச்சு. உயரமான சுவர் கிடையாது. தண்ணீரோடு சண்டை போடாமல் அதைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல் வழிய விடுகிற அமைப்பு.

ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை, பெயர் தெரியாத அந்தப் பழைய ஆட்களிடம்தான் கற்றுக்கொண்டேன் என்பதைக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஆளுகிற இனத்தைச் சேர்ந்த ஒரு அதிகாரி, அந்தக் காலத்தில் இப்படி ஒப்புக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை. கல்லணையின் முன்னால் சேர்ந்த மணலை வெளியேற்ற, அடிமதகுகள் வைத்ததும் அவர்தான். இருந்ததை இடிக்காமல், அது இன்னும் நன்றாக வேலை செய்ய வழி பார்த்தார்.

1836: இரண்டு அணைகள்

நடுவில் உடம்பு படுத்தியெடுத்தது. காய்ச்சல் வந்து இங்கிலாந்துக்குப் போய், தேறித் திரும்பி வந்தார். பிறகுதான் வேலை தொடங்கியது.

திட்டம் எளிமையானது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயில் ஒரு தாழ்வான அணை. அதுதான் மேலணை. அது தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பிவிடும். அதையும் மீறி கொள்ளிடத்தில் போகிற தண்ணீரையும், வழியில் ஊறிச் சேருகிற தண்ணீரையும் சுமார் 70 மைல் தள்ளி இன்னொரு தாழ்வான அணையால் மறுபடி பிடிப்பது. அதுதான் அணைக்கரையில் இருக்கும் கீழணை. செங்கல் கிணறுகளை மணலில் வரிசையாக இறக்கி, அதன்மேல் கட்டுமானம். வெள்ளம் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் கோடைக்காலத்தின் ஒவ்வொரு நாளும் கணக்கு.

1836-ல் இரண்டும் முடிந்தன. மேலணை தஞ்சாவூரைக் காப்பாற்றியது. கீழணை நம் பக்கத்தைக் காப்பாற்றியது. வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால் எல்லாம் இங்கிருந்துதான் பிரிகின்றன. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், சீர்காழி வட்டாரத்துக் கடைமடை விவசாயிகளுக்கு உயிரே இதுதான். கீழணையை நம்பி இன்றைக்கும் சுமார் 1.3 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய வீராணத்துக்கு, 19-ம் நூற்றாண்டில் நிரந்தரமான ஒரு வாசல் கிடைத்தது. வந்தியத்தேவன் குதிரையில் வந்து மலைத்து நிற்பதாகக் கல்கி எழுதினாரே, அதே ஏரிதான்.

எல்லாமே சரியாக நடந்ததா என்றால், இல்லை. மேலணை வந்தபிறகு காவிரிக்குள் தேவைக்கும் அதிகமாகவே தண்ணீர் பாய ஆரம்பித்தது. சில வருடங்களிலேயே காவிரியின் படுகை அரிபடத் தொடங்கியது. பிறகு அதைச் சரிக்கட்ட காவிரியின் வாயிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டி வந்தது. ஆற்றில் ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் பதில் வரும் என்பது அப்போதே தெரிந்துபோன பாடம்.

அதே காலகட்டத்தில் இன்னொரு சுவாரஸ்யமும் நடந்தது. சென்னைக்குக் கல் கொண்டுவர செங்குன்றத்திலிருந்து ஒரு தண்டவாளம் போட்டார்கள். 1837-ல் ஓடிய அந்த ரெட் ஹில்ஸ் ரயில்பாதையைத்தான் இந்தியாவின் முதல் ரயில்பாதை என்கிறார்கள். அதன் பின்னால் இருந்தவரும் காட்டன்தான். பின்னாளில் ரயிலுக்கு எதிரி என்று பெயர் வாங்கப்போகிறவர் இவர் என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஸ்மேனியாவில் கிடைத்த துணை

வெயில், காய்ச்சல், ஓயாத வேலை. உடம்பு மறுபடி விழுந்தது. மருத்துவ விடுப்பில் இந்த முறை போனது ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியா தீவுக்கு. அங்கேதான் எலிசபெத் லெர்மாந்தைச் சந்தித்தார். அவர் தாமஸ் லெர்மாந்த் என்ற வியாபாரியின் மகள். 1841 அக்டோபரில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 38 வயது. 1842 டிசம்பரில் டாஸ்மேனியாவிலேயே மகள் பிறந்தாள். அம்மாவின் பெயரையே அவளுக்கும் வைத்தார்கள்.

1843-ல் குடும்பத்தோடு மெட்ராஸ் மாகாணத்துக்குத் திரும்பினார். விசாகப்பட்டினத்தில் கடல் அரிப்பைத் தடுக்கும் வேலை, ஒரு தேவாலயம் கட்டும் வேலை என்று கொஞ்சம் நிம்மதியான காலம். ஓய்வாக இருந்து உடம்பைத் தேற்றியிருக்கலாம். கைக்குழந்தை வேறு. ஆனால், பக்கத்திலேயே கோதாவரி ஓடிக்கொண்டிருந்ததே!

கோதாவரி: ஆறு வருடத் தவம்

1833-ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் தெலுங்குச் சீமை சிதைந்துபோயிருந்தது. ராஜமுந்திரி மாவட்டத்தில் மக்கள்தொகையே குறைந்துபோனது. பக்கத்தில் இந்தியாவின் மிகப் பெரிய ஆறுகளில் ஒன்று ததும்ப ததும்ப ஓடுகிறது. கரையில் ஜனங்கள் பட்டினியில் சாகிறார்கள். 1844-ல் காட்டன் ஒரு அறிக்கை கொடுத்தார். காவிரியில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்பதுதான் அதன் சாரம்.

ஆனா, அளவு வேறு. தவளேஸ்வரத்தில் கோதாவரி கிட்டத்தட்ட 4 மைல் அகலம். நடுவில் மணல் தீவுகள். அவற்றை இணைத்து நான்கு துண்டுகளாக அணை. துண்டுகளின் மொத்த நீளம் மட்டுமே சுமார் இரண்டேகால் மைல். உயரமோ 12 அடிதான்! மறுபடியும் அதே கல்லணைப் பாடம்... உயரம் வேண்டாம், அகலமும் கனமும் போதும்.

1847-ல் வேலை தொடங்கியது. சுமார் 10,000 பேர் ஒரே நேரத்தில் உழைத்தார்கள். குவாரியிலிருந்து கல் கொண்டுவர தண்டவாளம் போட்டார்கள். பெரிய இன்ஜினீயர் என்று பங்களாவில் உட்காராமல், காட்டன் வேலை நடக்கும் இடத்திலேயே கிடந்தார். உள்ளூர்க்காரரான வீணம் வீரன்னா ஆட்களைத் திரட்டியும், வேலையை நடத்தியும் வலது கையாக இருந்தார். கல் சுமந்த மற்றவர்களின் பெயர்கள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. கரிகாலன் காலத்திலும் அப்படித்தான், கம்பெனி காலத்திலும் அப்படித்தான்.

1848-ல் மறுபடி உடம்பு கைவிட்டது. பாதி வேலையில் பொறுப்பை கேப்டன் ஆர் என்பவரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியா போக வேண்டியதாயிற்று. தான் உயிரைக் கொடுத்து ஆரம்பித்த வேலையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு, கடல் கடந்து போய் படுத்திருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பது சைட் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். ஆனால், போனார். இரண்டு வருடம் கழித்து, 1850-ல் திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது.

அதற்குப் பிறகு கோதாவரி டெல்டாவின் கதையே மாறியது. கால்வாய்களில் தண்ணீரும் போனது, படகும் போனது. நெல்லும் விளைந்தது, விளைந்த நெல் சந்தைக்கும் போனது. அடுத்து கிருஷ்ணா ஆற்றிலும் விஜயவாடாவில் 1855-ல் அணை வந்தது. அதைக் கட்டியவர் அதே கேப்டன் ஆர். காட்டன் விடுப்பில் போனபோது பொறுப்பை வாங்கிக்கொண்டவர், தானே ஒரு ஆற்றைக் கையில் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார். நல்ல சீனியரிடம் வேலை பார்த்தால் கிடைப்பது இதுதான் இல்லையா?

ரயிலா, கால்வாயா?

1860-ல் காட்டன் இந்தியாவை விட்டுப் போனார். 1861-ல் சர் பட்டம். ரிட்டையர்மென்ட் வாழ்க்கையை அமைதியாகக் கழித்திருக்கலாம். ஆனால், அவருடைய மிகப் பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போனது.

அப்போது பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் ரயிலுக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. காட்டன் 1854-லேயே பொதுப்பணிகள் பற்றி ஒரு புத்தகம் எழுதி இதைக் கேள்வி கேட்டிருந்தார். ரயில் இருக்கிற சரக்கைத்தான் சுமக்கும், புதிதாக ஒரு படி நெல்லை விளைவிக்காது. கால்வாயோ பயிரையும் வளர்க்கும், அதைச் சந்தைக்கும் சுமக்கும், செலவும் குறைவு. இதுதான் அவருடைய வாதம். இந்தியாவின் ஆறுகளைப் படகுக் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்றும் சொன்னார். இன்றைக்கு டி.வி விவாதங்களில் வரும் நதிநீர் இணைப்புக்கு அவர்தான் ஒரு முன்னோடி.

1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சம் மெட்ராஸ் மாகாணத்தை உலுக்கியது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். ரயில் இருந்தது. ஆனால், உள்ளூரில் விளைச்சல் இல்லை. வந்த தானியத்தை வாங்க ஏழைகளிடம் காசும் இல்லை. காவிரி, கோதாவரி டெல்டாக்களோ மற்ற இடங்களைவிடத் தாக்குப்பிடித்தன. செவிலியர்களின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் காட்டனின் பக்கம் நின்று நீர்ப்பாசனத்துக்காகப் பேசினார்.

1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. வயது 75. அவருக்கு எதிராகச் சொல்லவும் விஷயம் இருந்தது. அவருடைய யோசனையில் உருவான கர்னூல்-கடப்பா கால்வாய், எதிர்பார்த்த வருமானம் தராமல் பெரிய நஷ்டத்தில் முடிந்திருந்தது. டெல்டாவில் ஜெயித்த கணக்கு மேட்டு நிலத்தில் தோற்றது. அங்கே விவசாயிகள் தண்ணீரை வாங்கவே தயங்கினார்கள். குழு அவர் பக்கம் சாயவில்லை. பணம் ரயிலுக்கே போனது.

காட்டன் தோற்ற இடம் இதுதான். எல்லா ஆறும் காவிரி இல்லை, எல்லா மண்ணும் டெல்டா இல்லை என்பதை அவருடைய ஆர்வம் சில நேரம் பார்க்கவிடவில்லை. ஆனால், பஞ்சத்தில் மனிதன் சாவதற்கு வானத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு அரசு கையைக் கழுவ முடியாது என்று அவர் சொன்னதை இன்றைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

டார்க்கிங் வீட்டுத் தோட்டத்தில்...

லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற சின்ன ஊரில் குடும்பத்தோடு குடியேறினார். நாடாளுமன்றம் கைவிட்டதும் மனம் உடைந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தால், மனுஷன் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். சொந்தத் தோட்டத்திலேயே மண்ணை ஆழமாகக் கொத்தி, கோதுமை விளைச்சலைக் கூட்ட முடியுமா என்று சோதனை மேல் சோதனை. 80 வயதைத் தாண்டியும் இது தொடர்ந்தது. பெரிய ஆற்றிலிருந்து சின்னப் பாத்திக்கு இறங்கினாலும் கேள்வி அதேதான்... ஒரு துண்டு நிலத்திலிருந்து எத்தனை பேர் வயிறு நிறையும்?

மகள் எலிசபெத்தும் சும்மா இருக்கவில்லை. டார்க்கிங்கில் கூலித் தொழிலாளர்கள் சாராயக் கடைக்குப் போகாமல் மாலையைக் கழிக்க ஒரு காபி அறை தொடங்கினார். அந்த அனுபவத்தை 1876-ல் புத்தகமாக எழுதினார். அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? அப்பா காட்டன்! கோதாவரியைக் கட்டிய ஜெனரல், மகள் நடத்திய காபி அறைக்காகப் பேனா பிடித்தார். பட்டங்களையும் பதவிகளையும்விட இந்தச் சின்ன விஷயம் அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

1877-ல் எலிசபெத், அட்மிரல் சர் ஜேம்ஸ் ஹோப்பைத் திருமணம் செய்து லேடி ஹோப் ஆனார். காட்டன் 1899 ஜூலை 24-ம் தேதி டார்க்கிங்கில் இறந்தார். வயது 96. இளமையில் காய்ச்சலோடு மூன்று முறை கப்பலேறி, பிழைப்பாரா என்று சந்தேகப்பட வைத்த உடம்பு கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது.

அப்பாவைப் பற்றி மகள் எழுதிய புத்தகம்

அவர் இறந்த அடுத்த வருடமே, 1900-ல், லேடி ஹோப் தன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். பஞ்சங்களைப் பற்றி தொடர்ந்து எழுதிவந்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி அதில் ஒரு பகுதியை எழுதினார். காட்டனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு மகள் அப்பாவைப் பற்றி எழுதினால் அதில் பாசம் தூக்கலாகத்தான் இருக்கும். லேடி ஹோப் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1915-ல், சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் மனம் மாறினார் என்று அவர் சொன்ன ஒரு கதை அச்சில் வந்து பெரிய சர்ச்சையானது. டார்வினின் பிள்ளைகள் அதை அடியோடு மறுத்தார்கள். ஆகவே, அவர் வரைந்த அப்பாவின் படத்தையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். குறையே இல்லாத அப்பா எந்த வீட்டிலும் கிடையாது.

ஆனால், ஒன்று மட்டும் நிச்சயம். அடிக்கடி ஊர் மாறிய, நோயில் விழுந்த, வேலை வேலை என்று அலைந்த ஒருவரைப் பற்றி, 57 வயது மகள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத ஆசைப்பட்டாள் என்றால் அந்த அப்பா வீட்டுக்கு அந்நியராக இருந்திருக்க முடியாது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பாமல், வீட்டில் இருப்பவர்களுக்கும் தன் வேலையின் அர்த்தத்தைப் புரியவைத்த மனிதர் என்றுதான் தோன்றுகிறது. ஷிஃப்ட் முடிந்து அசதியோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத நம் வீட்டு அப்பாக்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது.

பெயர் கரைந்த இடம்

இன்று தவளேஸ்வரத்தில் காட்டனின் அணை இருந்த இடத்தில் 1980-களில் முடிந்த புதிய கதவணை நிற்கிறது. அதற்கு சர் ஆர்தர் காட்டன் என்றே பெயர். பக்கத்தில் அவர் பெயரில் மியூசியம். கோதாவரி மாவட்டங்களில் அவருக்கு மாலை போடாத பிறந்தநாள் இல்லை. காட்டன் தொர என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நம் பக்கம் அப்படி இல்லை. முல்லைப் பெரியாறு என்றதும் தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். காவிரியில் காட்டன் பெயர் அந்த அளவுக்கு ஒட்டவில்லை. காரணம் யோசித்தால் புரிகிறது. பெரியாற்றிலும் கோதாவரியிலும் இல்லாத ஒன்று புதிதாக வந்தது. காவிரியில் கரிகாலனின் கல்லணை முன்பே இருந்தது, பராந்தகனின் வீராணம் முன்பே இருந்தது. பின்னால் 1934-ல் மேட்டூர் வந்தது. நீண்ட வரிசையில் நடுவில் நிற்பவராகக் காட்டன் ஆகிவிட்டார்.

அதற்காக அவர் வருத்தப்பட்டிருப்பாரா? தனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர் தெரியாமலேயே அவர்களுக்கு நன்றி சொன்னவர் அவர். தன் பெயர் மறைந்துபோனதற்காக அவர் பெரிதாகக் கவலைப்பட மாட்டார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அவர் கவலைப்படுவது வேறு விஷயத்துக்காக இருக்கும். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. பிறகு அங்கே புதிய கதவணை கட்ட வேண்டி வந்தது. 182 வருடம் நின்ற அணை அது. கட்டியவரைப் பாராட்டிவிட்டு, பராமரிக்க மறந்தால் எந்தக் கல்லும் நிற்காது. பழைய குடிமராமத்து முறையில் ஊரே கூடி வருடாவருடம் ஏரியையும் வாய்க்காலையும் சரிசெய்ததற்கு அர்த்தம் இதுதான்.

பராமரிப்பு என்றால் ஷட்டருக்கு எண்ணெய் போடுவது மட்டும் இல்லை. வாய்க்காலில் குப்பை கொட்டாமல் இருப்பது, வடவாற்றுக் கரையை ஆக்கிரமிக்காமல் இருப்பது, ஆற்று மணலை அள்ளி அஸ்திவாரத்தைப் பலவீனமாக்காமல் இருப்பது எல்லாமே அதில் சேர்த்திதான். மணல் இருக்கும்வரைதான் மணலில் போட்ட அஸ்திவாரமும் இருக்கும்!

அடுத்த முறை அணைக்கரையைத் தாண்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், செல்போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஜன்னல் வழியாகக் கீழே காட்டுங்கள். 2,000 வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் கண்டுபிடித்ததை, எங்கிருந்தோ வந்த ஒரு பையன் பணிவாக உட்கார்ந்து கற்றுக்கொண்டு கட்டியது இது என்று சொல்லுங்கள். நம் வீட்டுக் கதையாகவே அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.